கலங்கினால் சொல்லவும்

நூற்றுப் பன்னிரண்டு வயது.
வெள்ளத்தைப் பார்த்தது மொத்தம் நாற்பது நாள்.
மற்ற நாளெல்லாம்
வெறும் புல்வெளிக்குக் காவல் நிற்கிறது
ஓல்ஷ்னா ஆற்றின் குறுக்கே இந்த மண்மேடு.
உள்ளே செம்மறிகள் மேய்கின்றன.
மதகு திறந்தே கிடக்கிறது.
ஆறு ஒரு வீட்டுப் பூனை:
கேட்காமல் வரும், கேட்காமல் போகும்.

கட்டியவர்கள் ஜெர்மன் பேசினார்கள்.
போர் முடிந்து அவர்களை அனுப்பினார்கள்,
கிழக்கிலிருந்து ரயிலேற்றி எங்களைக் கொண்டுவந்தார்கள்.
வரைபடங்கள் பதினொன்று இருக்கின்றன.
பன்னிரண்டாவதில் என்ன இருந்ததென்று
மேட்டுக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய்தோறும் கீழ்ச்சரிவில் இறங்குவேன்.
நரி வளை எத்தனை, வெடிப்பு எத்தனை,
போன வாரம் இல்லாத ஈரம் எங்கே.
அடிவாரத்தில் ஒரு தகரப் பலகை,
முக்கோணமாய் வெட்டிய வாய்.
அதில் ஒழுகுவதை ஊறுகாய் பாட்டிலில் பிடித்து
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும்.
மாவட்டப் பொறியாளர் மால்வினாவின் சுற்றறிக்கையில்
எனக்கு மனப்பாடமான வரி ஒன்றுதான்:
கசியலாம். கலங்கக் கூடாது. கலங்கினால் சொல்லவும்.
(என் கணவன் வீட்டில் இருந்தவரை
இதையே அவனிடமும் சொல்லியிருக்கலாம்.)

சரிவின் நடுவே ஒரு பேரி மரம்.
பெருவெள்ளத்து ஆண்டில்
மேல்நாட்டு ஊர்கள் கூரைவரை முழுகியபோது
இது மட்டும் தாங்கியது.
நன்றியாக வித்தோல்ட் நட்டான்,
அணைக்கு ஒரு மரம்.
யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.
பாதிரியார் வந்து தண்ணீர்கூடத் தெளித்தார்.

வேர் தண்ணீரைத் தேடிப் போகும்.
போன வழி தண்ணீருக்கும் வழி.
மார்ச்சில் உத்தரவு வந்தது: வெட்டி, வேரோடு எடுக்கவும்.
"இந்த ஒரு காய்ப்பு முடியட்டுமே" என்றான்.
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, "ஒத்திவைப்பு".
அதில் டிக் அடித்தது என் கை.

செப்டம்பரில் மழை
மூன்று பகல், மூன்று இரவு.
முதல் நாளே செம்மறிகளை ஓட்டினோம்.
ஷட்டரைப் பாதி இறக்கினேன், கிரீஸ் போட்டிருந்ததால் இறங்கியது.
அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது என்பார்கள்.
இங்கே வேலையே அதுதான்:
கடக்கவிடு, ஆனால் வரிசையில் விடு.

இரண்டாம் இரவு, இரண்டே முக்கால்.
பேரி மரத்துக்குக் கீழே புல் கொதித்தது.
கைப்பிடி அகலத்தில் ஓர் ஊற்று,
மணலைப் புரட்டிப் புரட்டிப் போட்டது.
பாட்டிலை டார்ச்சில் பிடித்தேன்.
தேநீர் இல்லை. தெளிவும் இல்லை.
பால் ஒரு சொட்டு விட்டது போல.

தொலைபேசியில் ஒரே வார்த்தை சொன்னேன், கலங்குகிறது.
மால்வினா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
"அடைக்காதே. அடைத்தால் வேறிடத்தில் பிளக்கும்.
முதலில் மணல், பிறகு சரளை, மேலே கல்.
தண்ணீர் போகட்டும், மண் தங்கட்டும்."
டிராக்டரில் சரளை கொண்டுவந்தவன் வித்தோல்ட்.
பேசாமல் அள்ளிக் கொட்டினான்.
ஒவ்வொரு மண்வெட்டிக்கும்
மேலிருந்து பழம் உதிர்ந்தது,
இருட்டில், எங்கள் முதுகில்.
கீழே ஊரில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
யாரும் எழுந்திருக்கவில்லை.

ஏழு மணிக்கு பாட்டில் வழியே
அவன் முகம் தெரிந்தது.

அக்டோபரில் ரம்பத்தை அவனே எடுத்து வந்தான்.
தண்டு ஒரு மணி நேரம்.
வேர் ஒன்பது நாள்:
ஒன்று பதினான்கு அடி போயிருந்தது,
பன்னிரண்டாவது வரைபடத்தில் இருந்திருக்கக்கூடிய
ஒரு களிமண் குழாய்க்குள் நுழைந்து
அங்கேயே பின்னிக் கிடந்தது.
மால்வினா அதைப் படம் எடுத்தாள்.
வித்தோல்ட் பார்க்காமல் நின்றான்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
ஒத்திவைத்தது நான் என்று. கேட்கவில்லை.
அறிக்கையில் எழுதியிருக்கிறேன்,
பக்கம் நான்கு, என் பெயரோடு.

குழியைக் களிமண் இட்டு, அடுக்கடுக்காய் இடித்து, விதைத்தோம்.
இப்போது அந்த வட்டத்தில் மட்டும்
புல் சற்றுக் கூடுதல் பச்சை.
அழகாக இருக்கிறது என்கிறார்கள் ஊரில்.
இருக்கலாம்.
செவ்வாய்தோறும் மண்டியிட்டு
உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன்,
ஈரம் பனியா என்று.